கற்பகத்துக்குக் காய்ச்சல்

அந்த அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கற்பகத்துக்கென்று ஒரு வடையை எடுத்து வைத்தேன்.

இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த சின்ன மாடி அது. புதிதாகச் சம்பளம் வாங்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் தங்கள் காசைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு செல்போன் செயலி செய்துகொண்டிருந்தார்கள். அதில் வருகிற தமிழை எழுத ஆள் வேண்டுமென்று, தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் போய் உட்கார்ந்ததிலிருந்து ஒரே கற்பகம் பேச்சுத்தான். கற்பகத்துக்கு இந்த எழுத்து சின்னதாகத் தெரியும். கற்பகம் இதை அமுக்க மாட்டாள். கற்பகத்துக்கு இன்றைக்கு ரெண்டாவது ஷிப்ட். பதினொரு மணிக்கு வடை வந்தது. ஆளுக்கு ஒன்று போக ஒன்று மீந்தது. பேப்பரில் பொதிந்து காலி மேசை ஒன்றின்மேல் வைத்துவிட்டு, "கற்பகம் வந்தா குடுத்துருங்க" என்றேன்.

புரோகிராம் எழுதுகிற ஜெபா என்ற பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சுவரைக் கைகாட்டினாள். பென்சிலால் வரைந்த ரெண்டு படங்கள் ஒட்டியிருந்தன. ஒரு பெண், ரெட்டைச் சடை, கொஞ்சம் முறைத்த பார்வை. கீழே 'கற்பகம், 21, பேண்டேஜ் கம்பெனி, செட்டியார்பட்டி' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பையன். 'சரவணன், 23, ஜவுளிக்கடை, ஸ்ரீவில்லிபுத்தூர்.' இப்படி ஆட்களைக் கற்பனையாக உண்டாக்கி வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் புரியுமா, பிடிக்குமா என்று பார்த்துப் பார்த்துச் செயலியைச் செய்வது அந்தத் தொழிலில் வழக்கமாம். பெர்சோனா என்பார்களாம். இது தெரியாத டீச்சர் ஒருத்தி வந்து வடை எடுத்து வைத்ததுதான் அன்றைக்கு முழுக்க வேடிக்கை.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பொட்டலத்தைப் பிரித்தார். "நல்லதாப் போச்சு. உளுந்த வடைன்னா அவளுக்கு இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, நிதானமாக அவரே தின்றார்.

அவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இல்லாத ரெண்டு பேருக்குப் பெயர் இருக்கிறது, இருந்த மனுஷனுக்குப் பெயரில்லையா என்று யாரும் கேட்டால், அவரும் இல்லாத ஆள் மாதிரித்தான் இருந்தார் என்பேன். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பெங்களூரில் வெகுகாலம் இந்தத் திரை வரைகிற வேலையில் இருந்தவர். அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்கு வந்தார். அம்மா போன பிறகு திரும்பிப் போகவில்லை. கல்யாணம் ஆகவில்லை. ரயில்வே பீடர் ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். இதில் எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் ஜெபா சொன்னது.

தனக்கு இது வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வராது. கற்பகத்துக்கு இந்த ஃபேன் சத்தம் ஆகாது என்பார், ஜெபா ஃபேனைக் குறைப்பாள். சரவணன் இந்நேரம் டீ குடிப்பான் என்பார், டீக்கு ஆள் போகும். நான் விடுவேனா, "சரவணனுக்குச் சீனி எப்பிடி, அண்ணாச்சி?" என்று கேட்பேன். "கம்மியாத்தான் குடிப்பான்" என்பார், முகம் மாறாமல்.

முதலில் இதை ஒரு பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பைத்தியத்தில் வேலை நடந்தது. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் முழுக்கச் சண்டை. செயலியைத் திறந்ததும் வருகிற முதல் கேள்வி, 'உங்கள் மாதச் சம்பளம் எவ்வளவு?' என்று இருந்தது. எங்கள் முதலாளி வைத்த கேள்வி அது. மில் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை அவர், முப்பது வயசு, நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போன் செய்தால் மட்டும் எழுந்து போய்த் தெலுங்கில் பேசிவிட்டு வருவார்.

"கற்பகம் இதுக்குப் பதில் சொல்ல மாட்டா" என்றார் அண்ணாச்சி.

"தன் சம்பளம் தெரியாத பொண்ணு யாருண்ணே இருக்கா?"

"தெரியும். ஆனா அது அவ காசு இல்ல தம்பி. ஏடிஎம் கார்டு அவ அம்மாட்ட இருக்கு. அவியதான் போயி எடுப்பாக. பஸ்ஸுக்கு, சில்லறைக்குன்னு வாராவாரம் இவ கையில குடுப்பாக. அந்தக் காசுதான் இவ காசு. நாம மாசச் சம்பளம் கேட்டா, இவ ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல போனை மூடி வச்சிரணும்."

தம்பிக்கு இது எட்டவில்லை. அவர் வீட்டில் எந்தப் பெண்ணும் பேண்டேஜ் துணி மடிக்கப் போனதில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று பட்டது. நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சம்பளமும் ரொம்ப நாள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. 'இந்த வாரம் உங்கள் கையில் எவ்வளவு?' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். "எவ்வளவுங்கறது அதட்டுற மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். 'இந்த வாரம் கையில் என்ன இருக்கிறது?' என்று மாற்றினேன். சுவரைப் பார்த்தார், கடிதாசைப் பார்த்தார். "இதுக்கு அவ பதில் சொல்லுவா" என்றார். எனக்கு என்னவோ பரீட்சையில் தேறினது போல் இருந்தது.

ஒரு செயலி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, பொய்க் கணக்குகள் திறந்து எதையாவது அடித்துப் பார்ப்பார்கள். ஜெபா கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக ஒன்றுகளை அடிப்பாள். செலவு என்ற இடத்தில் அஅஅ என்று போடுவாள். அண்ணாச்சிக்கு அது ஆகாது. பழைய போன் ரெண்டு வைத்திருந்தார். ஒன்று கற்பகத்துடையது, ஒன்று சரவணனுடையது. தினமும் அந்த ரெண்டு பேருக்கும் செலவு எழுதுவார். அதுவும் மனம்போனபடி இல்லை. எழுதுகிற செலவு உண்மையில் நடந்திருக்க வேண்டும். கற்பகம் வளையல் வாங்கினாள் என்று எழுத வேண்டுமானால் அவரே கடைக்குப் போய் வளையல் வாங்குவார். பேரம் பேசினால் எவ்வளவு குறைப்பார்கள் என்பது வாங்கினால்தானே தெரியும் என்பார். வாங்கிய வளையல், ரிப்பன், கிளிப், பவுடர் டப்பா எல்லாம் என் மகளுக்கு வந்து சேரும். என் மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாருடி அந்தக் கற்பகம், நம்ம பிள்ளைக்கு இம்புட்டுச் செய்றா, ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா என்றார்.

ஒரு தடவை, சரவணன் வேலைக்குப் போய்வருகிற வழியைப் பார்க்க வேண்டுமென்று, ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் செலவு எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எழுத முடியவில்லை. பட்டன் எட்டாத மூலையில் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டார். ஆண்டாள் கோயில் பக்கம் இறங்கி ஜவுளிக்கடைத் தெருவுக்குப் போவதுதான் நேர்வழி. அவர் அதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

"சரவணன் இங்கதான் எறங்குவான்" என்றார்.

"இங்கன எறங்குனா சுத்தில்லா அண்ணாச்சி?"

"சுத்துதான். அவனுக்கு இந்தத் தெரு வழியாப் போகணும்."

நடந்தோம். ஒரு வீட்டுக்கு முன்னால் நடை கொஞ்சம் தளர்ந்தது. புது கிரில் கேட் போட்ட வீடு. வாசலில் யாருடைய பிள்ளையோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நிற்கவில்லை. கேட்டை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அம்மா போன பிறகு அவருடைய அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை விற்றுவிட்டார் என்று ஜெபா எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெருமுனையில் டீ குடித்தோம். சரவணன் பேரில் ரெண்டு டீ எழுதினார். "ரெண்டாவது யாருக்குன்னு போட?" என்று என்னைக் கேட்டார். கூட வந்த டீச்சருக்கு என்று போடுங்கள் என்றேன். அப்படியே போட்டார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, கற்பகத்துக்குக் காய்ச்சல் வருகிற வரைக்கும்.

செயலியில் சாயங்காலக் கேள்வி ஒன்று வைத்திருந்தார் அவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சேர்கிற நேரத்துக்குப் போன் மெல்ல ஒரு சத்தம் கொடுக்கும். 'இன்றைக்கு நாள் எப்படிப் போனது?' என்று கேட்கும். காசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்டார். நாள் எப்படிப் போனது என்று தெரியாமல் காசு எப்படிப் போனது என்று புரியாது என்றார் அண்ணாச்சி. கேட்க நன்றாக இருந்ததால் நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். எழுதியது நான்தானே.

சேர்ந்தாற்போல ரெண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. போன் செய்தால் வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்றார். சோதனைக் கணக்குகள் எங்கள் எல்லோருடைய திரையிலும் தெரியும். எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று கற்பகம் கணக்கைத் திறந்தேன். செலவில் காய்ச்சல் மாத்திரை என்று இருந்தது. அதற்குக் கீழே பன். அடுத்த நாளும் பன். சாயங்காலக் கேள்விக்கு, 'கஞ்சி வைக்க எந்திரிக்க முடியலை' என்று பதில் இருந்தது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, மனுஷன் கற்பகத்துக்குக் காய்ச்சலைக்கூட விட்டுவைக்கவில்லை என்று. அடுத்த நிமிஷம், எழுதுகிற செலவு உண்மையில் நடந்திருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய், கஞ்சியும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு ரயில்வே பீடர் ரோட்டுக்குப் போனேன்.

கதவு திறக்க நேரமாயிற்று. சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது.

"கற்பகத்துக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இப்பத் தேவலை அவளுக்கு" என்றார். டிவியைக் காட்டி, "அது சரவணன். கிரிக்கெட் பாக்கான்" என்றார்.

"அவனுக்கும் சேத்துத்தான் கொண்டாந்துருக்கேன்."

கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் ரெண்டு போனும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அவர் தரையில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தார். பாதியில் நிறுத்தி, "துவையல் நல்லாருக்கு" என்றார். யாருக்கு நல்லாயிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்குத் தலைவலி என்றால் ஆறு பேர் ஆறு மருந்து சொல்வார்கள். தனியாக இருக்க இடம் கிடைக்காதா என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்த செத்த நேரத்தில் அந்த ஏக்கம் எனக்குக் கொஞ்ச நாளைக்கு விட்டுப்போயிற்று.

செயலி முக்கால்வாசி முடிந்ததும், நிஜமான பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் செட்டியார்பட்டிக்குப் போனோம். ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டீ நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு இருக்கிற பதட்டம் அவரிடம் இருந்தது. கற்பகத்தைப் போன்றவர்களை முதல்முதலாக நேரில் பார்க்கப் போகிறார்.

முதல் கேள்வி ஜெயித்தது. கையில் என்ன இருக்கிறது என்று படித்ததும் ஒரு பெண் சில்லறையை உள்ளங்கையில் கொட்டிக் காட்டிச் சிரித்தாள். மற்றவர்கள் மளமளவென்று எழுதினார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பிறகு சாயங்காலக் கேள்வியைக் காட்டினோம். ஒருத்தி சத்தமாகப் படித்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"இத எதுக்குண்ணே போன் கேக்கு?" என்றாள் அவள்.

"ஏம்மா, யாராவது கேட்டா நல்லாத்தான இருக்கும்?"

"நல்லாருக்குமா? வீட்டுக்குள்ள காலை வைக்கதுக்கு முந்தி எங்கம்மா கேக்கும். பொறவு எங்கப்பா கேப்பாக. எதுத்த வீட்டு ஆச்சி வாசல்லயே மறிச்சு, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பாக. இதுல போன் வேறயா? எங்கள யாரும் ஒண்ணும் கேக்காம இருந்தாப் போதும்ணே. அதுக்கு ஒரு பட்டன் வச்சுக் குடுங்க."

மறுபடியும் சிரிப்பு. அண்ணாச்சியும் சிரித்தபடி குறித்துக்கொண்டார். கம்பெனியை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப் வேப்பமர நிழலில் நிற்கிற வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"டீச்சர், கற்பகத்துக்கு அம்மா இருக்காகள்ல" என்றார்.

"நீங்கதான சொன்னீக. ஏடிஎம் கார்டு அவிய கையிலதான இருக்கு."

"ஆமா. கார்டை அவிய கையில குடுத்துட்டேன். ஆனா சாயங்காலம் அவிய ஒரு வார்த்தை பேசுனதா நான் நெனைக்கவே இல்லை பாருங்க." பஸ் வருகிற பக்கம் பார்த்தார். "வேலை முடிஞ்சு வருவா, பூட்டைத் தொறப்பா, லைட்டைப் போடுவா, ஒக்காந்துருப்பான்னே நெனச்சுட்டேன். செட்டியார்பட்டில எந்தப் பொம்பளப்பிள்ளை வந்து வீட்டைத் தொறந்து லைட்டைப் போடுது?"

அப்படியெல்லாம் இல்லை அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். பஸ் வந்தது, ஏறிவிட்டோம். மறுநாள் யாரும் சொல்லாமலேயே அந்தக் கேள்வியைச் செயலியிலிருந்து அவர் எடுத்துவிட்டார். தம்பிக்கு ஏகச் சந்தோஷம்.

எடுத்தது செயலியிலிருந்துதான். கற்பகத்தின் கணக்கில் அவர் தினமும் எழுதுவதை நிறுத்தவில்லை. இப்போது செலவுக் குறிப்பிலேயே ரெண்டு வார்த்தை கூடுதலாக எழுதினார். 'காய்கறி. மழைக்கு ஒதுங்கி நின்றது.' 'டீ. இன்றைக்குக் கடைக்காரர் பேசினார்.' ஜெபாவும் நானும் படிப்போம். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ள மாட்டோம். கேட்டால் நிறுத்திவிடுவார் என்று பயம்.

செயலியை வெளியிடுகிற வேளை வந்தது. பணம் போட வந்த மதுரைக்காரர்கள், சோதனைக்குத் திறந்த பொய்க் கணக்குகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். ஜெபா சாதாரணமாகத் தலையாட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் விட்டு வைக்கலாமான்னு."

"சரவணன் போகட்டுமா?"

"அவன் ஆம்பளப்பய. சமாளிச்சுக்கிடுவான்."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் போய்க் கேட்டேன். தம்பி கெட்டவர் கிடையாது. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லாத பொண்ணு பேர்ல அக்கவுண்ட் வச்சிருந்தா நாளைக்கு என்னையத்தான கேப்பாங்க டீச்சர்? வேணும்னா எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து அண்ணன் வச்சுக்கிடட்டும்" என்றார்.

அதைச் சொன்னேன். அண்ணாச்சி டிபன் பாக்ஸை மூடினார்.

"பிரிண்டுல, அவ நாளைக்கு என்ன செய்வான்னு இருக்காதே டீச்சர்" என்றார்.

மறுநாள் காலையில் ஜெபா, "அண்ணாச்சி, அழிக்கிற புரோகிராமை ஓட்டவா?" என்று கேட்டாள். செத்த நேரம் பொறு என்றார். கற்பகத்தின் போனை எடுத்து ஏதோ எழுதினார். என் திரையில் வந்து விழுந்தது. 'பஸ் டிக்கெட். உட்கார இடம் கிடைத்தது.' பிறகு ஜெபாவைப் பார்த்து, "சரிம்மா" என்றார். எல்லாம் அழிய ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி எழுந்து போய்ப் படங்களைச் சுவரிலிருந்து பிரித்தார். டேப் ஒட்டியிருந்த தடத்தை நகத்தால் சுரண்டிச் சுத்தம் செய்தார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பட்ட கஷ்டம். அவருக்குப் பேச்சே இல்லாமல் போய்விட்டது. ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கும். யாருக்கு ஆகாது என்று சொல்லி நிறுத்தச் சொல்வார்? டீ நேரம் தாண்டிப் போகும், பேசாமல் இருப்பார். நானாகப் போய், "சரவணன் டீ குடிக்கலையா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அவங்கதான் இல்லையே டீச்சர்" என்றார், சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது மாதிரி. அந்தப் பதிலில் அவருக்குப் புத்தி பிசகவில்லை என்று நிம்மதி வந்தது. பிசகியிருந்தால்கூடத் தேவலையே என்றும் தோன்றியது.

வெளியீட்டு நாளில், முதல் கணக்குகள் நம்முடையதாக இருக்கட்டும் என்று தம்பி சொன்னார். ஆளாளுக்குத் தங்கள் போனில் பதிவுசெய்தோம். பெயர், வயசு, கையில் என்ன இருக்கிறது. பிறகு, 'எதற்காகச் சேர்க்கிறீர்கள்?' என்று ஒரு திரை வரும். அதற்குப் பதில் எழுதாமல் மேலே போக முடியாது. எதற்கென்று தெரியாமல் சேர்க்கிற காசு கையில் நிற்காது என்று அண்ணாச்சிதான் பிடிவாதமாக அப்படி வைத்திருந்தார். எழுதுவதை வேறு யாரும், நாங்கள்கூட, பார்க்க முடியாதபடி பூட்டு போட வைத்ததும் அவர்தான். தம்பி காருக்கு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஜெபா ஸ்கூட்டி. நான் மகள் படிப்பு என்று சொல்லிவிட்டு, ஒரு நாளாவது தனியாக ஒரு ஊருக்குப் போக வேண்டும் என்று எழுதினேன்.

எல்லோரும் முடித்துக் கேக் வெட்டப் போய்விட்டார்கள். அண்ணாச்சி மட்டும் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன். அந்தத் திரையிலேயே நின்றிருந்தார்.

"டீச்சர்" என்றார். "நான் எதுக்குச் சேக்கேன்?"

வருத்தமான குரல் இல்லை. தெரிந்தால் சொல்லுங்கள் என்பது போலத்தான் கேட்டார். அந்தச் செயலியில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதியது. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"பொறவு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. கேக் வெட்டுறாக, வாங்க" என்றேன்.

"பொறவுன்னு ஒரு பட்டன் அதுல வைக்கலையே டீச்சர்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கேக் தின்றார். அந்த மாசக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். கோயம்புத்தூர் என்றாள் ஜெபா. திரும்பவும் பெங்களூர் என்றார் தம்பி. ரெண்டு தடவை போன் செய்தேன். உடனே எடுத்தார். "சொல்லுங்க டீச்சர்" என்றார். சொல்ல என்ன இருக்கிறது, "சும்மாதான்" என்றேன். "இங்கயும் சும்மாதான்" என்றார். கற்பகத்தை நடுவில் வைக்காமல் பேச ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நான் கூப்பிடவில்லை, அவர் யாரையும் கூப்பிடுகிறவர் இல்லை.

பதிவைப் பாதியில் விட்டுப் போனவர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் செயலியிலிருந்து ஒரு செய்தி போகும். 'உங்கள் பதிவு முழுமையடையவில்லை. உடனே முடியுங்கள்' என்று நான்தான் எழுதியிருந்தேன். ஒரு நாள் ஜெபா அந்தப் பட்டியலைக் காட்டினாள். அதில் அண்ணாச்சியும் இருந்தார், கடைசிக் கேள்வியில் நின்றபடியே. செயலியைப் போனிலிருந்து அழிக்கவும் இல்லை. வாராவாரம் நான் எழுதிய அந்த அதட்டல் அவருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கே அதை மாற்றினேன். 'ஒரு கேள்விதான் பாக்கி. அவசரமில்லை. தோன்றும்போது வந்து சொல்லுங்கள்.' தம்பி படித்துவிட்டு, "அவசரமில்லைன்னு சொன்னா யாரு டீச்சர் வருவா?" என்றார். வருவார்கள் என்றேன். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அந்தச் செய்திதான் போயிற்று. நான் எழுதியது ஒருவருக்கு. திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் வரும்போது, இந்நேரம் போயிருக்கும், இந்நேரம் படித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, பட்டியலில் அவர் இல்லை.

"ஆப்பை அழிச்சிட்டாரா ஜெபா?"

அவள் தேடிப் பார்த்தாள். "இல்ல டீச்சர். முடிச்சிட்டாரு. நேத்து சாயங்காலம்."

"எதுக்குன்னு எழுதிருக்காரு?"

"நமக்கு எப்பிடித் தெரியும்? பூட்டு போட வச்சதே அவருதான."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீடோ, ஒரு பயணமோ, ஒரு நாய்க்குட்டியோ, கூட இருக்க ஒரு ஆளோ, அவருக்கென்று ஒன்று வேண்டியிருக்கிறது, அதைத் தன் பேரிலேயே எழுதியும் விட்டார். அன்றைக்கு முழுக்கக் காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை செய்தி மற்றவர்களுக்கெல்லாம் போயிற்று, அவருக்குப் போகவில்லை. பதிவை முடித்தவர்களுக்கு எங்கள் செயலி தானாக எதுவும் அனுப்பாது. நாள் எப்படிப் போனது என்று கேட்க அதில் இப்போது இடமே கிடையாது.